இருபத்தைந்தாயிரத்துக்குள் ஒரு முதல் கேமரா

அக்கா மகள் கும்பகோணத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மார்கழியில் ஒரு ராத்திரி போன் செய்து, "மாமா, என்கிட்ட இருபத்தஞ்சாயிரம் இருக்கு. நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு. அதில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது என்று இரண்டு வாரம் அவளோடு சேர்ந்து தேடினேன். அப்போது அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் கேமரா வாங்கப் போகிற யாருக்கும் இது உதவும்.

எதை எடுக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நீங்கள் எடுக்க ஆசைப்படும் 3 படங்களை எழுதுங்கள். "எல்லாமே எடுக்கணும்" என்று எழுதினால் பயனில்லை. அவள் எழுதியவை: தாராசுரம் கோயில் சிற்பங்கள், வீட்டில் பாட்டி, தெருவில் கிரிக்கெட் ஆடும் பசங்கள்.

இப்போது அந்த மூன்றையும் கையில் இருக்கும் போனில் எடுத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், அசையாத பொருளை, பக்கத்தில் நின்று எடுக்க இன்றைய போன் போதும். அதற்காகத் தனிக் கேமரா வாங்க வேண்டியதில்லை. போன் திணறும் இடங்கள் வேறு. தூரத்தில் இருப்பதை இழுத்து எடுப்பது ஒன்று. மங்கிய வெளிச்சத்தில் அசையும் ஆளை எடுப்பது இன்னொன்று. முகம் மட்டும் தெளிவாக, பின்னால் இருப்பது இயல்பாகக் கரைந்து போவதையும் அதில் சேர்க்கலாம். போன் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறது. அதனால் முடி ஓரங்களில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். உங்கள் பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் கேமரா வாங்குவதில் அர்த்தம் உண்டு.

அவளுடைய பட்டியலில் பாட்டி இருந்தது முடிவை எளிதாக்கியது. பழைய ஓட்டு வீடு, ஒரே ஜன்னல், மதியத்திலும் அரை இருட்டு. அங்கே வேண்டியது வெளிச்சத்தை நிறைய உள்ளே வாங்கும் கேமரா. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்.

மெகாபிக்சலை நம்பாதீர்கள்

கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல்தான். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 8க்கு 12 அங்குலப் பிரிண்ட் ஒன்றை நல்ல தரத்தில் போட 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். பெருக்கினால் 86 லட்சம். அதாவது 9 மெகாபிக்சல்கூட இல்லை. வீட்டு 4கே டிவியின் மொத்தப் பரப்பே 83 லட்சம் பிக்சல்தான். பத்து வருடம் பழைய கேமராவிலும் 16, 18, 24 என்று இருக்கிறது. எதுவானாலும் போதும்.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் விழும் சில்லு அது. மழைக்கு முற்றத்தில் அண்டா வைத்தால் நிறையப் பிடிக்கும், டம்ளர் வைத்தால் கொஞ்சம்தான். சின்ன காம்பாக்ட் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படும் சென்சார். பழைய வீடியோ கேமராக் குழாய்களின் கணக்கில் வந்த பெயர் அது. உண்மையில் சுமார் 6.2க்கு 4.6 மிமீதான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு நிகான், சோனி கேமராக்களில் சுமார் 23.5க்கு 15.6 மிமீ. பரப்பில் பதின்மூன்று மடங்கு. கேனானில் ஏபிஎஸ்-சி கொஞ்சம் சிறியது, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி என்பதுதான் என் அளவுகோல். அதற்குமேல் உள்ள புல் பிரேம், 36க்கு 24 மிமீ, அருமையானது. ஆனால் பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) லென்ஸும் சேர்ந்து பட்ஜெட்டை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

இணையக் கடைகளில் ஐந்தாயிரம், ஏழாயிரத்துக்கு "64 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்" என்று கேள்விப்படாத பெயர்களில் கேமராக்கள் வருகின்றன. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே இருப்பது சின்ன சென்சார். அது எடுத்த சிறு படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கித்தான் 64 என்று எழுதுகிறார்கள். விவரத்தில் "டிஜிட்டல் ஜூம்" என்று இருந்தால், அது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. போனில் இரண்டு விரலால் நீங்களே செய்யலாம். லென்ஸ் நகர்ந்து செய்வது "ஆப்டிகல் ஜூம்". அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வகை?

முன்பு பத்தாயிரத்துக்கு நல்ல கம்பெனி காம்பாக்ட் கிடைத்தது. இப்போது அந்தத் தட்டே காலி. ஜப்பானியத் தயாரிப்பாளர்களின் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சின்னக் கேமராவின் வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. இருக்கிற நல்ல காம்பாக்ட்கள் விலை கூடியவை.

பறவைகள்தான் உங்கள் ஆசை என்றால், வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போகப் போகிறீர்கள் என்றால், பிரிட்ஜ் கேமரா என்கிற வகையைப் பாருங்கள். லென்ஸ் கழற்ற முடியாது, ஆனால் ஜூம் பயங்கரம். நிகான் பி900இல் 83 மடங்கு ஆப்டிகல் ஜூம். சென்சார் அதே 1/2.3 அங்குலம்தான் என்பதால் நல்ல வெளிச்சத்தில் மட்டுமே அழகாக எடுக்கும். வீட்டுக்குள் பாட்டியை எடுக்க இது உதவாது.

மற்றவர்களுக்கு டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ். டிஎஸ்எல்ஆரில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸில் வரும் காட்சியை அது நேராக உங்கள் கண்ணுக்கு அனுப்பும். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி இல்லை, திரையில்தான் பார்க்க வேண்டும். இனி வரப்போவது மிரர்லெஸ்தான். கேனானும் நிகானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. புதிதாக வாங்கவே விரும்பினால், ஐம்பதாயிரத்தைத் தாண்டிச் செலவழிக்க முடிந்தால், கேனான் ஆர்50 போன்ற மிரர்லெஸ் நல்ல தேர்வு. கண்ணைத் தேடிப் பிடித்து போகஸ் செய்யும். வீடியோவுக்கும் டிஎஸ்எல்ஆரைவிட எவ்வளவோ வசதி.

ஆனால் கையில் 25,000 என்றால் என் பதில் ஒன்றுதான்: செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர். உலகமே மிரர்லெஸ்ஸுக்கு ஓடுவதால் நல்ல நிலையில் உள்ள டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கிக் கிடக்கின்றன. புதிதாக வாங்கியவருக்கு நாற்பதாயிரம் ஆன பொருள் உங்களுக்குப் பாதிக்கும் கீழே வரும். 2014இல் வந்த நிகான் டி3300இன் சென்சார் இன்றைக்கும் நல்ல போனைவிட நிறைய வெளிச்சம் பிடிக்கிறது. பேட்டரியும் நிற்கும்: டி3500இல் ஒரு சார்ஜுக்கு சுமார் 1,550 படம் என்பது கம்பெனிக் கணக்கு. பொதுவாக மிரர்லெஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். கையில் இருப்பதை எல்லாம் பாடிக்குக் கொடுத்துவிட்டு, கூட வந்த கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் "போன் மாதிரிதானே வருது" என்று கேமரா அலமாரிக்குப் போய்விடுகிறது. இப்படிப் போன கேமராக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கிட் லென்ஸ் என்பது 18-55 மிமீ ஜூம். லென்ஸில் இந்த மிமீ எண் கூடக் கூடக் காட்சி பக்கத்தில் வரும். கெட்ட லென்ஸ் இல்லை. கோயில் கோபுரம், தெரு, கூட்டம் எல்லாம் அதில் நன்றாக வரும். ஆனால் அதன் வாய் சிறியது. 35 மிமீ நிலையில் அது திறப்பது எஃப்/4.5 அளவுக்குத்தான். அதே 35 மிமீக்கென்று தனியாக வரும், ஜூம் இல்லாத எஃப்/1.8 பிரைம் லென்ஸ் சுமார் ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது. முதலில் குழப்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் வெளிச்ச உணர்வை ஏற்றும் எண். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் ஓட்டு வீட்டில் இந்த லென்ஸுக்கு 1000 போதும். படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகள் அந்த அளவுக்குக் குறையும். முகத்துக்குப் பின்னால் எல்லாம் கரைந்து போவதும் இந்தப் பெரிய வாயால்தான்.

நிகான் என்றால் 35 மிமீ எஃப்/1.8ஜி டிஎக்ஸ், 200 கிராம்தான் எடை. கேனான் என்றால் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம். ஏபிஎஸ்-சி கேனானில் 50 என்பது 80 போலக் காட்டும், அதனால் சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிவரும். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர்கள் 24 மிமீ எஃப்/2.8 எஸ்டிஎம் பார்க்கலாம்.

சரி, எந்தப் பாடி? நிகானில் டி3300, டி3400, டி3500, டி5300. கேனானில் 200டி, 1500டி, காசு குறைவென்றால் 1300டி. இவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அது. நிகானா கேனானா என்ற சண்டையில் நேரம் செலவழிக்காதீர்கள். நண்பர்களோ சொந்தக்காரர்களோ வைத்திருக்கும் கம்பெனியையே வாங்கினால் லென்ஸ் இரவல் வாங்கலாம், அது பெரிய லாபம். கேனான் 3000டி மட்டும் எனக்குத் தயக்கம்: லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டரைக் கண் பவருக்கு ஏற்பத் திருப்பும் வசதியும் இல்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு அது தினமும் தொல்லை.

நிகானில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. 50 மிமீ எஃப்/1.8டி என்ற லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். லென்ஸ் பெயரின் கடைசியில் "டி" வேண்டாம், "ஜி" கேளுங்கள். இன்னொன்று, ஏஎஃப்-பி என்று எழுதிய புதிய கிட் லென்ஸ் டி3100, டி90 போன்ற பழைய பாடிகளில் சரியாக வேலை செய்யாது. பாடி ஒரு இடத்திலும் லென்ஸ் இன்னொரு இடத்திலும் வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

அவசரப்படாதீர்கள். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பார்சலில் அனுப்புகிறேன்" என்று அடையாள அட்டைப் படத்தோடு வரும் விளம்பரம் பழைய மோசடி. விற்பவரைப் பகலில், நல்ல வெளிச்சமுள்ள பொது இடத்தில் சந்தியுங்கள். உங்கள் சொந்த மெமரி கார்டும், முடிந்தால் லேப்டாப்பும் கொண்டுபோங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல, அல்லது பஞ்சு இழை போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரத்துக்கு இது மிகச் சாதாரணம். பல வருடம் முன்பு ஒரு கடையில் விளக்கு வைக்கும் நேரத்தில் அவசரமாக ஒரு லென்ஸ் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோது உள்கண்ணாடி முழுக்க வலை. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சுத்தம் செய்யக் கொடுத்தும் பூச்சு அரிக்கப்பட்ட தடம் போகவில்லை. அன்றிலிருந்து டார்ச் அடிக்காமல் ஒரு லென்ஸையும் வாங்கியதில்லை. ஒன்றிரண்டு தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. பூஞ்சை இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் சென்சார். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் வாயை, எஃப்/22இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் தூசி; துடைத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லி விலை குறைக்கலாம். கோடுகள் தெரிந்தால் கீறல், விட்டுவிடுங்கள். அடுத்து லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600இல் 5 விநாடி ஒரு படம். கறுப்பில் நாலைந்து நிறப் புள்ளிகள் வந்தால் சாதாரணம், வானத்து நட்சத்திரம் போல நிறைந்திருந்தால் வேண்டாம்.

ஷட்டர் கவுண்ட் என்பது கேமராவின் கிலோமீட்டர் கணக்கு, இதுவரை எத்தனை படம் எடுத்தது என்பதைச் சொல்லும். நிகானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண் பதிவாகும். படத்தின் எக்ஸிஃப் எனப்படும் உள்விவரத்தை முழுதாகக் காட்டும் மென்பொருளிலோ தளத்திலோ பார்க்கலாம். கேனானின் பழைய மாடல்களில் படத்துக்குள் இருக்காது, கேபிள் மாட்டி மென்பொருளால்தான் பார்க்க முடியும். டி3300 போன்ற பாடிகளின் ஷட்டர் ஒரு லட்சம் தடவை வரை சோதிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கல்யாண வீடுகளில் ஓடிய கேமரா ஒன்றரை லட்சம் தாண்டியிருக்கும். அது நாளையே நிற்கும் என்றில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். ஆசையாக வாங்கி ஒரு சுற்றுலாவோடு பெட்டிக்குள் போன கேமராதான் நாம் தேட வேண்டியது. அது நிறையவே கிடைக்கிறது.

ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். பிளாஷ் எழுகிறதா, பேட்டரி மூடி நிற்கிறதா, கார்டு சட்டென்று உட்காருகிறதா என்று பாருங்கள். செய்தித்தாளைச் சாய்வாக வைத்து ஒரு வரியில் போகஸ் செய்து எஃப்/1.8இல் எடுங்கள், நீங்கள் குறிவைத்த வரிதான் தெளிவாக வந்திருக்க வேண்டும். கடைசியாக பில்லும் பெட்டியும். கேமராவின் அடியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். பில் இல்லையென்றால் விற்பவரின் அடையாளச் சான்று நகலோடு கையெழுத்திட்ட ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது.

புதிதாக வாங்குபவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஜிஎஸ்டி பில், இந்திய வாரண்டி, இரண்டையும் கேளுங்கள். சந்தை விலையைவிட ரொம்பக் குறைத்துச் சொன்னால் வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த பொருளாக இருக்கலாம். இங்கே சர்வீஸ் கிடைக்காது. இலவசமாகத் தரும் பை, டிரைபாட் ஆகியவற்றுக்காக விலையை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கூட வேண்டியவை

32 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று போதும்; 24 மெகாபிக்சல் ரா படங்களே (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிப்பவை) ஆயிரத்துக்கு மேல் கொள்ளும். போலிக் கார்டுகள் ஏராளமாக உலவுகின்றன: 128 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபி இருக்கும், பாதியில் படங்கள் காணாமல் போகும். வாங்கியதும் லேப்டாப்பில் போட்டு முழுக்க நிரப்பி, திரும்பத் திறந்து பாருங்கள். இதைச் செய்யவே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இன்னொரு பேட்டரி பிறகு வாங்கிக்கொள்ளலாம். டி3300 முதல் டி3500 வரைக்கும் டி5300க்கும் ஒரே பேட்டரிதான், எங்கும் கிடைக்கும். யூவி பில்டர், வெளி பிளாஷ், டிரைபாட் எதுவும் இப்போது வேண்டாம். தொல்லியல் துறைக் கோயில்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கட்டாயம் வேண்டியது ஒரு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. சமையலறைப் பொருள் போட்டு வைக்கும் பெரிய டப்பாவே போதும். அதில் கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். கேமராவைத் துணிப்பையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள். பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அரிசிக்குள்ளும் வைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போகும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் மிதமான சூட்டில் காயவைத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். நீல நிறத்தில் கோபால்ட் கலந்திருக்கும் என்பதால் ஆரஞ்சு நிறத்தையே கேட்டு வாங்குங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது பையை மூடியபடி அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் லென்ஸில் பனி படியாது.

முதல் மாதம்

கேமராவின் டயலைப் பச்சை நிற ஆட்டோவில் வைக்காதீர்கள். கொஞ்சம் இருட்டினாலே பிளாஷ் தானாக எழுந்து முகத்தைச் சுண்ணாம்பு அடித்தது போலாக்கிவிடும். நிகானில் "ஏ", கேனானில் "ஏவி" என்ற இடத்துக்கு டயலைத் திருப்புங்கள். லென்ஸின் வாய் உங்கள் கையில், மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். நிகானில் அந்த ஆட்டோ ஐஎஸ்ஓ பட்டியலுக்குள்ளேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும். அதை 1/125 விநாடி என்று வைத்தால் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஆடாமல் வருவார்கள். ஓடும் பசங்களுக்கு "எஸ்" அல்லது "டிவி" நிலையில் 1/500. படத்தை ரா, ஜேபெக் இரண்டிலும் சேமியுங்கள். திருத்தக் கற்றுக்கொண்ட பிறகு இன்று எடுத்த ரா உதவும்.

ஒரு மாதம் பிரைம் லென்ஸை மட்டும் மாட்டுங்கள். ஜூம் இல்லாததால் நீங்கள்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். எங்கே நின்றால் எப்படித் தெரிகிறது என்று கால் கற்றுக்கொள்ளும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து முகத்தில் விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அக்கா மகளுக்குக் கடைசியில் கிடைத்தது டி3300. கிட் லென்ஸோடு 16,500. ஷட்டர் கவுண்ட் ஒன்பதாயிரத்துச் சொச்சம். 35 மிமீ லென்ஸ் வேறொருவரிடம் 7,800க்கு வந்தது, டார்ச் அடித்துப் பார்த்ததும் அவள்தான். மிச்சத்தில் மெமரி கார்டு. டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் நான் வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டி முருங்கைக்கீரை ஆய்கிறார், ஒரு பக்க முகத்தில் மட்டும் வெளிச்சம், விரலில் ஒட்டிய இலைகூடத் தெரிகிறது. கீழே "எஃப்/2, ஐஎஸ்ஓ 800, மாமா" என்று எழுதியிருந்தாள்.